சொல்லாமல் மாறிய எண்
(கணினி மொழிகளில் வகைமாற்றத்தின் வரலாறு)

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் முடியுடை வேந்தரும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், மனிதன் தன் அன்றாடத் தொழிலில் செய்த பிழைகளுக்கும், அப்பிழைகளிலிருந்து கற்ற பாடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் காலனியில் இன்று பல வீடுகளில் கணினித் தொழில் புரியும் மகனோ மகளோ மருமகளோ இருக்கின்றனர். இரவு பகலாகத் திரையின் முன் அமர்ந்து அவர்கள் எழுதுவது யாது என்று பெரியவர்கள் வினவுவதும், “சொன்னால் விளங்காது” என்று அவர்கள் சிரித்து அகல்வதும் நாம் காணும் காட்சி. விளங்காதது ஒன்றும் இல்லை. அத்தொழிலின் அடித்தளத்தில் உள்ள ஒரு சிக்கலை, நாம் அனைவரும் அறிந்த காசுக் கணக்கிலிருந்து தொடங்கி ஈண்டுச் சொல்ல முயல்கிறேன்.

அணாவும் நயா பைசாவும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நம் நாட்டில் பதின்மக் காசு முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு பைசா. பைசாவுக்கு மூன்று பை. புதிய முறையிலோ ரூபாய்க்கு நூறு காசு. பழைய பைசா ரூபாயில் 64இல் ஒரு பங்கு. புதிய பைசா 100இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே சந்தையில், ஒரே சட்டைப் பையில் சில காலம் சேர்ந்தே புழங்கின. பெயர் ஒன்றாக இருந்திருந்தால் எத்தனை வழக்குகள் எழுந்திருக்கும்! ஆகவே அரசினர் புதிய காசுக்கு ‘நயா பைசா’ என்று பெயரிட்டனர். பழைய காசு மறைந்து குழப்பத்துக்கு இடம் இல்லாமற் போன பின்னர், 1964 ஜூன் முதல் நாள் அந்த ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது.

மற்றொரு சங்கடமும் இருந்தது. ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே ஓரணாவுக்கு ஆறு என்று கொண்டனர். ஒருவன் பதினாறு ஓரணாக்களைத் தனித்தனியே மாற்றினால் அவன் கையில் சேர்வது 96 காசு. அதனையே ஒரு ரூபாயாகச் சேர்த்து மாற்றினால் 100 காசு. இடையில் நான்கு காசு எங்கே போயிற்று? எவரும் திருடவில்லை, மாற்றத்திலேயே அது தேய்ந்துவிட்டது.

இவற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. ஓர் எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று அதன் பெயரிலேயே தெரிதல் வேண்டும் என்பது ஒன்று. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும்பொழுது பொருந்தாமல் எஞ்சுவதை என் செய்வது என்பதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லிவிடல் வேண்டும் என்பது மற்றொன்று. கணினி அறிஞர்கள் இவ்விரண்டையும் கற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

ஒரே குறி, இரு பொருள்

கணினியின் நினைவகத்தில் எண்ணும் எழுத்தும் ஓவியமும் இசையும் எல்லாம் 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசையே. ஒவ்வொரு குறியும் ‘பிட்’ எனப்படும். பதினாறு பிட் கொண்ட ஓர் அறையில் 65,536 வேறுவேறு வரிசைகள் அமையக்கூடும். அவற்றைக் குறைவெண் இன்றிப் படித்தால் 0 முதல் 65,535 வரை. குறைவெண்ணுக்கும் இடம் தந்து படித்தால் -32,768 முதல் 32,767 வரை. பதினாறும் 1 ஆகவே நிற்கும் வரிசையை ஒருவன் 65,535 என்று படிப்பான். மற்றொருவன் -1 என்று படிப்பான். இருவரும் பொய்யர் அல்லர். நினைவகத்தில் இருப்பது குறி மட்டுமே. பொருள் படிப்பவனிடத்தில் உள்ளது. எந்த முறையில் படிக்க வேண்டும் என்று உரைக்கும் குறிப்பையே ‘வகை’ என்கின்றனர்.

ஆதியில் வகை என்பதையே பொருட்படுத்தாத மொழிகளும் இருந்தன. 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வகுத்த பி.சி.பி.எல். என்னும் மொழியில் எல்லாம் ஒரே அளவுள்ள அறைகளே. அதனைத் தழுவி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ‘பி’ என்னும் மொழியை அமைத்தார். பி.டி.பி.-11 என்னும் புதிய இயந்திரம் வந்தபொழுதுதான், எட்டு பிட் எழுத்து வேறு, பதினாறு பிட் எண் வேறு என்று பிரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வலிந்து ஏற்பட்டது. அவருடன் பணியாற்றிய டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் வகைகளைச் சேர்த்துச் ‘சி’ என்னும் மொழியை உருவாக்கினார். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை அம்மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. இன்று நம் கையிலுள்ள தொலைபேசி முதல் வங்கிக் கணக்கு வரை அதன் வழிவந்த நிரல்கள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன.

சி மொழி வகைகளைச் சேர்த்ததே அன்றி, அவற்றுக்கிடையே கதவு வைக்கவில்லை. நீண்ட எண்ணைக் குறுகிய அறையில் இட்டால், எஞ்சியதை அம்மொழி பெரும்பாலும் ஓசையின்றிக் கழித்துவிடும். குறைவெண்ணைக் குறைவெண் அறியாத வகையோடு ஒப்பிட்டால், முன்னதைப் பின்னதாக மாற்றிய பிறகே ஒப்பிடும். ஆகவே, 32 பிட் கணக்கில் -1 என்பது 4,294,967,295 ஆக மாறி, ஒன்றைவிடப் பெரியது என்று தீர்ப்பாகும்! ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் நகைக்கத்தக்க இத்தீர்ப்பைக் கணினி நகையாது ஏற்றுக்கொள்ளும். தீயோர் இதனை நன்கு அறிவர். “நீளம் நூறுக்கு மிகலாகாது” என்று காவல் வைத்த இடத்தில் அவர்கள் ஒரு குறைவெண்ணை நுழைப்பர். நூறைவிடச் சிறியது என்று காவலன் விட்டுவிடுவான். உள்ளே சென்றதும் அதுவே கோடிக்கணக்கான நீளமாக மாறி, நினைவகத்தைக் கரை உடைத்துப் பாயும். கணினிகளிற் புகுந்த களவுகளில் இவ்வகைப்பட்டவை பல.

சி மொழியைப் படைத்தவர்கள் இக்குறையை உணராதவர் அல்லர். 1970களின் பிற்பகுதியில் யூனிக்ஸை வேறோர் இயந்திரத்துக்குக் கொண்டு செல்ல முற்பட்டபொழுது, நினைவக முகவரியையும் எண்ணையும் ஒன்றாகப் பாவித்து எழுதிய இடங்கள் பல சங்கடம் விளைத்தன. அக்காலத்திலேயே ஸ்டீவன் ஜான்சன் ‘லிண்ட்’ என்னும் ஆய்வு நிரலை எழுதினார். துணியில் ஒட்டிய பஞ்சுத் துகளைக் குறிக்கும் பெயர் அது. ஐயத்துக்கு இடமான வரிகளை அது பொறுக்கிக் காட்டும். வகையை மாற்றுகிறேன் என்று எழுதுபவன் தானே குறிப்பதற்கு ஒரு முறையும் மொழியில் சேர்க்கப்பட்டது. ஆனால் அவ்வாறு குறித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முப்பத்தேழு வினாடி

எழுதாமல் மாற்றுவதே குற்றம், எழுதிவிட்டால் நலம் என்று எண்ணலாம். அவ்வெண்ணத்தையும் அசைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ என்னும் ஏவுதளம் நமக்குப் புதியது அன்று. நம் நாட்டின் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் 1981 ஜூன் 19ஆம் நாள் ஏரியேன் ஏவுகலத்தில் அங்கிருந்தே விண்ணேறியது. அதே தளத்திலிருந்து 1996 ஜூன் 4ஆம் நாள் ‘ஏரியேன் 5’ என்னும் புதிய ஏவுகலம் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. புவியின் காந்தச் சூழலை ஆராய்வதற்கான ‘கிளஸ்டர்’ என்னும் நான்கு செயற்கைக்கோள்கள் அதன் உச்சியில் இருந்தன. ஏறத்தாழ முப்பத்தேழு வினாடி எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னர் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் ஏவுகலம் திடீரெனப் பாதையை விட்டுத் திரும்பி, காற்றின் வேகத்தால் முறியத் தொடங்கி, தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொண்டது. பல்லாண்டு உழைப்பின் சிதறல்கள் கரையோரச் சதுப்புநிலத்தில் வீழ்ந்தன.

பிரெஞ்சுக் கணித மேதை ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஜூலை 19ஆம் நாள் தன் அறிக்கையை அளித்தது. ஏவுகலம் எத்திசையில், எவ்வேகத்தில் செல்கிறது என்று கணிக்கும் கருவியில், கிடைவேகத்தைச் சார்ந்த ஓர் அளவு 64 பிட் பதின்ம எண்ணாக இருந்தது. அதனைப் பதினாறு பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. வந்த எண் அந்தச் சிறிய அறையில் அடங்கவில்லை. அக்கருவியின் நிரல் ‘அடா’ மொழியில் எழுதப்பட்டது. அடா அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தரமாக ஏற்கப்பட்ட மொழி. வகை விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. சொல்லாமல் மாற்ற அது விடாது. பொருந்தாத எண் வந்தால் பிழை என்று அறிவிக்கும். அன்றும் அறிவித்தது. அவ்வறிவிப்புக்கு யாது செய்வது என்று எழுதியிருக்கவில்லை. ஆகவே கருவி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. துணைக்கு வைத்த இரண்டாம் கருவியோ அதே நிரலைக் கொண்டது. அதுவும் அதே காரணத்தால் ஒரு வினாடியில் சிறு பகுதிக்கு முன்னரே நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைத் தலைமைக் கணினி உண்மையான பறப்பு விவரம் என்று படித்து, இல்லாத விலகலைத் திருத்த முனைந்தது. குறி ஒன்று, பொருள் வேறு என்று மேலே கூறியதன் கொடிய எடுத்துக்காட்டு இதுவே.

இன்னும் வருந்தத்தக்கவை சில. இவ்வாறு பொருந்தாமற் போகக்கூடிய அளவுகள் ஏழு என்று பொறியாளர்கள் முன்னரே ஆராய்ந்து கண்டிருந்தனர். கணிப்பொறியின் வேலைச் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற வரையறையால், நான்குக்கு மட்டும் காவல் வைத்து மூன்றை விட்டனர். விட்ட மூன்றும் எல்லை மீறா என்பது அவர்கள் கணிப்பு. முந்தைய ஏரியேன் 4 ஏவுகலத்துக்கு அக்கணிப்பு சரியே. ஏரியேன் 5 தொடக்கத்திலேயே மிக மிகுந்த கிடைவேகம் கொள்வது. அக்கணிப்பின் காரணம் நிரலில் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை என்று குழு சுட்டியது. அன்றியும், பிழை எழுந்த அந்தக் கணக்கு ஏவுகலம் தரையை விட்டு எழுந்த பின் தேவையே இல்லாதது; பழைய ஏவுகலத்துக்காக எழுந்த பின்னும் ஏறத்தாழ நாற்பது வினாடி ஓட விடப்பட்டது; புதியதிலும் அப்படியே நின்றது.

இதில் கயவர் எவரும் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. எவ்வளவு வரை இவ்வெண் வரும் என்று ஒருவர் மனத்தில் இருந்த செய்தி, அடுத்தவர் கைக்குச் சேரவில்லை. அவ்வளவே. நிரல் தவறுடையது என்று நிறுவும் வரை சரியானது எனக் கொள்ளும் வழக்கத்தைக் குழு கண்டித்தது. சரியானது என்று நிறுவும் வரை தவறுடையது எனவே கொள்ளல் வேண்டும் என்றது. அப்பாடத்தைக் கற்ற ஏரியேன் 5, 2023 ஜூலையில் ஓய்வுபெறும் வரை நற்பணி ஆற்றியது. இழந்த செயற்கைக்கோள்களுக்கு ஈடானவை 2000ஆம் ஆண்டில் ரஷ்ய ஏவுகலங்களில் விண்ணேறி 2024 வரை ஆராய்ச்சி நடத்தின.

1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்றும் இவ்வாறே அழிந்தது. ஒரு பக்கத்தார் தள்ளுவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் தந்தனர். மறு பக்கத்தார் அதனை நியூட்டன் அளவு என்று படித்தனர். ஒன்றுக்கு நான்கரை மடங்கு வேறுபாடு. எண்ணுக்கு ‘நயா’ என்னும் அடைமொழி இல்லாத குறைதான் அது!

திருந்திய வழி

பின்வந்த மொழிகள் மெல்ல மெல்லக் கதவுகளை அமைத்தன. சி பிளஸ் பிளஸ் மொழியை வகுத்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், வகைமாற்றத்துக்கு நீளமான, கண்ணை உறுத்தும் பெயர்களை வேண்டுமென்றே வைத்தார். ஆபத்தான செயல் பார்வைக்கும் அழகற்றதாய் இருத்தல் நன்று என்பது அவர் கருத்து. 2011இல் அம்மொழியின் புதிய தரம், வளைவுக்குறிக்குள் எழுதும் தொடக்க மதிப்புகளில் குறுக்கும் மாற்றத்தைத் தடை செய்தது.

2015 மே 15ஆம் நாள் முதற் பதிப்பு வெளியான ‘ரஸ்ட்’ மொழி இன்னும் ஒரு படி சென்றது. அதில் எண் வகைகள் சொல்லாமல் மாறுவதே இல்லை. இழப்பின்றி மாறக்கூடியவற்றுக்கு ஒரு வழி. இழப்பு நேரக்கூடியவற்றுக்கு வேறு வழி. பின்னதில் விடை எண்ணாக வாராது. “பொருந்தியது, இதோ எண்” என்றோ, “பொருந்தவில்லை” என்றோ வரும். இரண்டாவது வந்தால் என் செய்வது என்று கருதாமல் எண்ணைக் கையில் எடுக்க இயலாது. இந்த வழி 2019இல் நிலைபெற்றது. ‘ஆஸ்’ என்னும் பழைய குறுக்கு வழி ஒன்றும் அம்மொழியில் இன்னும் உண்டு. அதுவோ முன்போலவே ஓசையின்றிக் கழிப்பது. அதனை அளவறிந்தே ஆளல் வேண்டும். 2022 டிசம்பரில் லினக்ஸ் இயக்க முறைமையின் உட்கருவிலும் ரஸ்ட் இடம்பெற்றது.

ஆயினும் மொழி ஒன்றே நம்மைக் காத்துவிடாது. கூரூவில் மொழி கண்டிப்பானதாகவே இருந்தது. மாற்றமும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. “அடங்காவிட்டால்?” என்ற வினாவுக்குத்தான் விடை எழுதப்படவில்லை. “பொருந்தவில்லை” என்ற விடை வந்ததும் நிரலை நிறுத்திவிடு என்று ரஸ்டிலும் ஒரே சொல்லில் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதினால் வானில் பறக்கும் கருவி மீண்டும் நின்றுபோகும். நிற்பது நலமா, எல்லை எண்ணைக் கொண்டு தொடர்வது நலமா என்பதை முடிவு செய்பவன் மனிதனே.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றும்பொழுது, மாற்றுகிறேன் என்று எழுதுங்கள். அடங்காவிட்டால் யாது செய்வது என்று எழுதுங்கள். அடங்கும் என்று நீங்கள் நம்பினால், அந்நம்பிக்கையின் காரணத்தையும் அருகிலேயே எழுதிவையுங்கள். நாளை உங்கள் நிரலை வேறோர் ஏவுகலத்தில் ஏற்றப் போகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு வரி மட்டுமே தெரியும்.