மண் காப்பு மானியம் (கண்டி மாவட்டம்)

சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளுக்காகக் காணி உடையவருக்கு அரசு வழங்கும் பண, நாற்று உதவி. கண்டி மாவட்டத்தில் இது தனித்த கொடுப்பனவாக வந்தது குறைவு. தேயிலை, மிளகு, கொக்கோ ஆகிய பயிர்களுக்கான மானியத்தோடு ஒட்டியே பெரும்பாலும் வந்தது.

மாவட்டத்தின் தும்பறைப் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி நட்டார்கள். தோட்டத்துரை ரொபர்ட் பொய்ட் டைட்லரின் பல்லேகலைத் தோட்டம் அங்கிருந்த கோப்பித் தோட்டங்களுள் பெயர்பெற்றது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின் அங்கே கொக்கோ வேரூன்றியது. நிழல் மரங்களோடு வளரும் கொக்கோ மண்ணுக்கு ஓரளவு போர்வையானது. மலைச்சரிவுகளில் பரவிய தேயிலை அப்படியல்ல. களையைச் சுரண்டி எடுத்த நிலத்தில் மழை நேரே விழுந்தது. மண் அரிப்புக் குறித்து அரசு அமைத்த குழு 1931இல் அறிக்கை தந்தது. ஆனால் காணிக்காரர் கைக்குக் காசு வரவில்லை.

1947 ஆகஸ்ட் பெருவெள்ளம் மலைநாட்டைக் குலைத்த பிறகே 1951இன் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனம் செய்து, காணிக்காரர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று விதிக்கும் சட்டம் அது. கட்டளையிட்ட அளவுக்கு அது கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தது, மண்ணைப் பெயரில்கூடச் சொல்லாத 1958ஆம் ஆண்டின் தேயிலை மானியச் சட்டம். மீள்நடுகைக்குப் பணம் வேண்டுமானால் முதிர்ந்த செடியைப் பிடுங்கி, சமவுயரக் கோட்டில் கான் வெட்டி, மாணாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றிய பின்பே நாற்று நட வேண்டும். உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சரியென்றால்தான் அடுத்த தவணை. சட்டத்தின் மிரட்டலைவிடத் தவணைப் பணம் அதிகக் கான்களை வெட்டவைத்தது என்றே கருத வேண்டும்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் பெருந்தோட்டங்களை அரசுக்கு மாற்றின; கண்டிப் பகுதியில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென ஒரு திணைக்களம் உருவாகி, மிளகு, கராம்பு, கொக்கோ நடுவோருக்கு மானியம் தரத் தொடங்கியது. இன்றைய ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் அதுதான். தேயிலைச் சிற்றுடைமையாளருக்கான அதிகார சபைக்கு 1975ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்தது.

பிறகு வந்தது மகாவலி ஆற்றுத் திட்டம். 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல நீர்த்தேக்கம் 1988க்குள் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டலுக்கு இழந்தது. 1985இல் பல்லேகலைக்குக் கிழக்கே விக்டோரியா நீர்மின் அணை திறக்கப்பட்டது. சரிவில் கரையும் மண் இனி மின்சாரக் கணக்கிலும் இழப்பு. மத்திய மலைநாட்டு மதிப்பீடுகள், காப்பு வேலையற்ற புகையிலை நிலம் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 70 தொன் மண் இழக்கிறது என்றன. பலா, கமுகு, கித்துல், மிளகு அடுக்கடுக்காய் நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்துக்கு அவை சொன்ன அளவு 0.05 தொன். ஜெர்மன் உதவியுடனும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனிலும் நடந்த மலைநாட்டு நீரேந்துத் திட்டங்கள் கற்கட்டு, வேலிப்பயிர், பல்லாண்டுப் பயிர் என்று காணிக்காரரை நேரடியாகத் தேடிச் சென்றன. திட்டக் காசு நிற்கும்போது கற்கட்டைப் பழுதுபார்ப்பது யார் என்பதுதான் இவற்றின் தீராத சிக்கல்.

வேறு நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அமெரிக்காவில் 1985 முதல், அரிப்புக்குள்ளாகும் வயலைப் பயிரிடாமல் விட்டால் 10 முதல் 15 ஆண்டுகள்வரை அரசு வாடகை தருகிறது. அரை ஏக்கரில் குடும்பம் நடத்தும் கண்டிக்காரரிடம் நிலத்தைச் சும்மா விடச் சொல்ல முடியாது. எதை நடுவது என்பதையே மாற்ற முடியும். பயிர் மானியம் இங்கு மண் மானியமானதற்கு அதுவே காரணம்.

மானியம் காணி உரிமையைப் பார்த்தே வருகிறது. தோட்ட லயங்களில் குடியிருந்து தலைமுறைகளாகக் கான் வெட்டிய தமிழ்த் தொழிலாளருக்கு அந்த உரிமை இருந்ததில்லை. 1970களில் தோட்டங்கள் பிரிக்கப்பட்டபோது கண்டிப் பகுதியில் அவர்களில் பலர் வேலையும் இருப்பிடமும் இழந்து வெளியேறினார்கள். அண்மைக் காலத்தில் புதிய வீட்டோடு கிடைத்த 7 பேர்ச் காணியில் நாலு மிளகுக் கொடி ஏறலாம். மீள்நடுகை மானியம் கேட்கும் அளவு நிலம் அது அல்ல.