மாத்தளை மாவட்டம்: புலம்பெயர்ந்தோரும் வைத்தியசாலைகளும்

இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டிக்கு வடக்கே உள்ளது மாத்தளை மாவட்டம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டில் முதலில் கால்வைத்த நகரம் மாத்தளை. வந்த நாட்டில் ஒரு மக்கள்கூட்டத்துக்கு நேர்ந்த நோய்களையும் அவர்கள் வைத்தியசாலையை நாடியதையும் நாடாததையும் ஆராய்வோர் இம்மாவட்டத்தைத் தவிர்க்க முடியாது. இவர்களை அகதிகளோடு சேர்த்துப் பேசுவதற்கு மறுப்பு எழலாம்: 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை தரும் வரையறைப்படி இவர்கள் அகதிகள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். இந்த மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் பஞ்சமும் கடனும் துரத்த வந்த இவர்கள் 1948க்குப் பின் நாடற்றவர் ஆயினர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இவர்களில் ஒரு பகுதியினர் எந்த வரையறைப்படியும் அகதிகளாயினர். ஆகவே இக்கட்டுரை இவர்களின் வரலாற்றை ஒரே தொடர்ச்சியாகக் கொள்கிறது. இவர்கள் வைத்தியசாலைக்கு வராததற்கு இவர்களது மனப்போக்கே காரணம் என்று தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் நெடுங்காலம் கூறிவந்தனர். செலவை யார் ஏற்றார், படுத்த நாளுக்குக் கூலி உண்டா, நோயாளி எந்த நிலையில் அனுப்பப்பட்டார் என்பவையே முதன்மையான காரணங்கள் என்பதைக் கிடைக்கும் சான்றுகள் காட்டுகின்றன.

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய 1830கள் முதல் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மெதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக வட பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். காடும் மலேரியாவும் மிகுந்த வறண்ட நிலம் அது. நல்ல தண்ணீர் அரிது. வாந்திபேதியும் அம்மையும் வயிற்றுளைவும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தன. 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் என்ற மதிப்பீட்டைக் கொழும்பு ஒப்சேவர் இதழ் அப்பத்தாண்டின் முடிவில் முன்வைத்தது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் பெறும் இத்தகைய கணக்கில், பதிவாகாமல் ஊர் திரும்பியோரும் இறந்தோராகிவிடுவர் என்று சில வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். வேறு சிலர் எண் மிகையாயினும் பேரழிவு உண்மையே என்பர். பிறப்பு இறப்புகளை முறையாகப் பதியும் சட்டம் 1867இல்தான் வந்தது. பாதையோரம் புதைக்கப்பட்டவர்களுக்கோ, புதைக்கவும் ஆளின்றி விடப்பட்டவர்களுக்கோ அதற்குமுன் ஏடு இல்லை. பாதை முடியும் மாத்தளை நகரில், அம்மை நோயின் தெய்வமாகிய மாரியம்மனுக்கு 1874 அளவில் எழுந்த கோயிலையும் இந்த வரலாற்றின் ஆவணமாகக் கொள்ளலாம். உயிரோடு வந்து சேர்ந்ததே நேர்த்திக்கடனுக்குரிய செய்தியாக இருந்த காலம் அது. தொற்று அச்சத்தால் 1899இல் வட பாதை மூடப்பட்டது.

வந்துசேர்ந்தோருக்கான மருத்துவத்தைச் சட்டம் 1872இல் கையில் எடுத்தது. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்து மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியரையும் வைத்தியசாலையையும் தர முற்பட்டது. செலவு தோட்டக்காரர் தலையில் விழுந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. 1880களில் ஏற்றுமதி விளைபொருள் மீதான தீர்வையாக அது மாற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதையும், கடும் நோயை மாவட்ட வைத்தியருக்கு அறிவிப்பதையும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தருவதையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. இவ்வளவு இருந்தும் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன, ஆள்கள் வைத்தியசாலையை வெறுக்கிறார்கள் என்ற முறைப்பாடு ஓயவில்லை. பிறர் சமைத்ததை உண்ணத் தயங்கும் சாதிக் கட்டுப்பாடும், பேயோட்டுதலில் நம்பிக்கையும் எடுத்துக்காட்டப்பட்டன. அவை இல்லாமலில்லை. ஆனால் தோட்டத்தில் ஒருநாள் உழைப்பு ‘ஒரு பேர்’ எனக் கணக்கிடப்பட்டது. பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. நோயாளியை எப்போது அனுப்புவது என்பதைத் துரையும், ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியும் முடிவு செய்தனர். கங்காணிக்கோ ஒவ்வொரு ஆளும் தான் முன்பணம் கொடுத்த கடனாளி. எழுந்து நிற்கக்கூடியவர் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார். முடியாதவர் கடைசியில் அனுப்பப்பட்டார். கடைசியில் வந்தவர் வைத்தியசாலையில் இறந்தார். அங்கே போனவர் திரும்புவதில்லை என்று லயத்தில் இருந்தவர்கள் நினைத்தால், அதைக் கண்ணால் கண்டதிலிருந்து பெற்ற முடிவு என்றே சொல்ல வேண்டும். அதற்கு மூடநம்பிக்கை என்ற பெயர் பொருந்தாது.

மாத்தளையின் மருத்துவ வரலாற்றில் மிக நன்கு பதிவான நிகழ்ச்சி, 1916இல் இம்மாவட்டத் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு இலங்கையில் எடுத்த முதல் பெருமுயற்சி இதுவே. கீழைநாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த விக்டர் ஹைசர் இதற்கு வழியமைக்க, ஜோன் ஸ்னோட்கிராஸ் களத்தில் நடத்தினார். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைவழி விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு புழு உறிஞ்சும் இரத்தம் சில துளிகளே. நூற்றுக்கணக்கானவை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால் உடல் வெளிறி, முகம் ஊதி, மலையேறுகையில் மூச்சு வாங்கும். கருவுற்ற பெண்ணுக்கு இந்தச் சோகை உயிராபத்து. இதே வெளிறலைத்தான் பல அறிக்கைகள் சோம்பல் என்று எழுதிவைத்தன. சோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரிடம் புழு இருந்தது. அதைக் கொல்ல அக்காலத்தில் வழங்கிய மருந்து தைமோல். நம் அடுக்களை ஓமத்திலிருந்து எடுக்கப்படும் சத்து அது. இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமோலாக வடிக்கப்பட்டு, மருந்துப் பொட்டலமாக உலகெங்கும் போனது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டு விலை ஏறியது. குழந்தையின் வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் புகட்டும் வழக்கமுள்ள லயங்களுக்கு அதே ஓமத்தின் மருந்து ஐரோப்பாவைச் சுற்றி வரவேண்டியிருந்தது. பின்னர் அமெரிக்கப் பூண்டொன்றிலிருந்து வடித்த கினோபோடியம் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. தைமோலுக்கு வயிறு காலியாக இருக்கவேண்டும். உடன் பேதியுப்பு கொடுக்கப்படும். எண்ணெயும் சாராயமும் கூடாது, மருந்து இரத்தத்தில் கரைந்து நஞ்சாகிவிடும். ஒருநாள் முழுதும் வேலை நடக்காது.

இந்த இயக்கத்தில் நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போகவில்லை. மருந்து லயத்துக்கு வந்தது. மருத்துவத்தை வெறுப்பவர்கள் என்று குறிக்கப்பட்ட அதே மக்கள் இலட்சக்கணக்கில் அதை உட்கொண்டனர். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பெரட்டில் நிறுத்திக் கொடுத்த மருந்தை விழுங்குவது விருப்பத்துக்குச் சான்றாகாது. இது சரியே, அதிகாரமின்றி அந்த இயக்கம் அந்த வேகத்தில் நடந்திருக்காது. ஆனால் அந்த அதிகாரம் 1916க்கு முன்பும் இருந்தது. காய்ச்சலில் கிடந்தவரை முதல் நாளே மாத்தளை வைத்தியசாலைக்கு அனுப்ப அது பயன்படுத்தப்படவில்லை. அப்போது தடையாயிருந்தது தொழிலாளியின் மனம் என்றால், அதே மனத்தை வைத்துக்கொண்டே புழு மருந்து எப்படி நடந்தேறியது என்பதற்கு விடை வேண்டும். இயக்கம் தோட்ட இலாபத்துக்காகவே நடந்தது என்பது இன்னொரு விமர்சனம். சோகை நீங்கிய ஆள் கூடுதலாக உழைப்பான் என்று தோட்டக்காரருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கணக்குக்கும் எல்லை இருந்தது. மருந்து ஒருமுறைச் செலவு. கக்கூசு நிலையான செலவு. கக்கூசுகள் தயக்கத்தோடும் குறைவாகவும் கட்டப்பட்டன. குணமானவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் புழுவேற்றனர். குறை தொழிலாளரின் பழக்கத்தில் என்று அப்போதும் எழுதப்பட்டது.

இதற்கிடையில், வட பாதைக்கு மாற்றாக இந்தியக் கரையில் அமைந்த மண்டபம் முகாமில் வருவோர் தனிமைப்படுத்தப்பட்டு அம்மைப்பால் குத்தப்பட்டனர். 1939இல் இந்தியா ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டில் இலவச மருத்துவம் விரிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் பிரதிநிதிகளும் இழந்த தோட்ட மக்கள் நிர்வாகத்தின் மருந்துச்சாலைக்கே விடப்பட்டனர். அரச வைத்தியசாலையின் கதவு சட்டப்படி இவர்களுக்கு மூடப்படவில்லை என்பர். உண்மைதான். ஆனால் தோட்டத்துக்குச் சாலையையும் மருத்துவிச்சியையும் கேட்டுப் பெறும் அரசியல் வலிமை இல்லாதவர்களுக்குத் திறந்த கதவு பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்ட மக்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விடக் கடுமையாக ஏறியது.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நாடற்ற இம்மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பிரிக்கப்பட்டனர். 1983 யூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன; முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. இடம்பெயர்ந்த தோட்ட மக்களில் பலர் வன்னிக்கும், அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் சென்றனர். அவர்களின் பாட்டன்மார் ஊசி போட்டுக்கொண்ட மண்டபம் முகாமே இப்போது அகதி முகாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் கட்டணமின்றி அவர்களுக்குத் திறந்திருந்தன. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாமிலிருந்தே சுகாதாரத் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. மாத்தளைத் தோட்டங்களின் பட்டறிவும் இதுவே: மருத்துவம் மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு வரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. 1990கள் முதல் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை பகுதியளவில் நடந்துவருகிறது. பல தோட்டங்களில் தோட்ட மருத்துவ உதவியாளரே முதல் மருத்துவர்; மேற்கொண்டு தேவைப்படுவோர் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகின்றனர். நாட்கூலி நீடிக்கும் தோட்டங்களில் மருந்துக்குப் போன நாளுக்குப் பேர் விழுவதில்லை.