நாற்பதும் நூற்றிருபதும்: கருவின் உயிர் குறித்து ஃபிக்ஹும் நீதிமன்றமும்

கி.பி. 1886ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. தன் கருவைத் தானே சிதைத்துக்கொண்டாள் என்று ஒரு பெண்மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. கருவின் வயது ஒரு மாதம்தான். குழந்தை என்றோ உருவம் என்றோ சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை என்று கருதி, கீழ் நீதிமன்றம் அவளை விடுதலை செய்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கரு தரித்த பொழுதிலிருந்தே ஒருத்தி சட்டத்தின் பார்வையில் கர்ப்பிணி என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்ட நூல்கள் இதனை 'அதெம்மா வழக்கு' என்று குறிப்பிடுகின்றன.

உருவம் தோன்றிவிட்டதா என்று அக்கீழ் நீதிமன்றம் கேட்ட கேள்வி, நம் ஃபுகஹாக்களுக்குப் புதியதன்று. அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டு, யாரிடமிருந்து விடை பெறுவது என்பதற்கும் வழி வகுத்திருந்தார்கள்.

நம் வட்டாரத்திற்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கும் திருத்தங்கலும் சிவகாசியும் 1910வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு, சென்னை மாகாணக் குற்றவியல் நீதிமன்றங்கள் கம்பெனி ஆட்சி செய்த திருத்தங்களுடன் இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தையே பின்பற்றின. காழிகளும் முஃப்திகளும் சட்ட அலுவலர்களாக அமர்ந்து ஃபத்வா வழங்கினர். 1862 ஜனவரி முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அம்முறை முடிவுற்றது. அதனோடு நாம் மறந்துபோனவற்றுள் ஒன்று 'குர்ரா' என்னும் சட்டக் கோட்பாடு.

குர்ரா

ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டனர். ஒருத்தி கல்லெறிய, மற்றவளும் அவள் வயிற்றிலிருந்த சிசுவும் இறந்தனர். பெண்ணின் உயிருக்குத் திய்யத்தும், சிசுவிற்கெனத் தனியே குர்ரா என்னும் ஈடும் தரவேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். உண்ணாத, பருகாத, அழாத ஒன்றிற்கு ஈடு கொடுப்பதா என்று எதிர்த்தரப்பில் ஒருவர் எதுகை மோனையுடன் வாதிட்டபோது, அது குறிசொல்வோரின் பேச்சைப் போன்றது என்று நபியவர்கள் அதனை ஒதுக்கினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் இதைப் பதிவு செய்துள்ளன. குர்ராவின் மதிப்பு முழுத் திய்யத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து ஒட்டகங்கள் என்று ஃபுகஹாக்கள் வகுத்தனர்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இப்பொருள் மீண்டும் எழுந்தபோது, குர்ரா பற்றிய நபிமொழியை முகீரா பின் ஷுஅபா (ரலி) எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்களோ அதற்கு இன்னொரு சாட்சி கேட்டார்கள். முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) சாட்சி சொன்ன பின்னரே அது ஏற்கப்பட்டது. பேச இயலாத சிசுவின் உரிமை, சான்றின் வழியாகவே நிலைநாட்டப்பட வேண்டும் என்னும் கவனத்தை இதில் காண்கிறோம்.

மருத்துவச்சியின் சாட்சியம்

வெளிப்பட்டது வெறும் தசைத் துண்டாகத் தோன்றினால் என்ன செய்வது? அதில் மறைவான மனித உருவம் உண்டு என்று மருத்துவச்சிகள் கூறினால் குர்ரா கடமையாகும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இதைச் சொல்கிறது. சிசு உயிருடன் பிறந்து பின்னர் இறந்தால், கொடுக்க வேண்டியது குர்ரா அன்று, முழுத் திய்யத். உயிருடன் பிறந்ததற்கு முதன்மையான அடையாளம் 'இஸ்திஹ்லால்' எனப்படும் அழுகுரல். வாரிசுரிமையும் இதைச் சார்ந்தே அமைகிறது.

இன்றைய சட்ட மருத்துவம் இவ்விரு கேள்விகளையே வேறு கருவிகளால் கேட்கிறது. நான்காம் மாத முடிவில் சிசுவின் நீளம் ஏறத்தாழ 16 செ.மீ., ஐந்தாம் மாத முடிவில் 25 செ.மீ. என்னும் அளவைக்கொண்டு அது கருவின் வயதைக் கணிக்கிறது. சிசு மூச்சு விட்டதா என்பதை அறிய நுரையீரலை நீரிலிட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வழக்காயிற்று. உடல் அழுகத் தொடங்கிவிட்டால் அச்சோதனை பிழைபடும் என்பதையும் மருத்துவர்கள் அறிவர்.

1860ஆம் ஆண்டின் சட்டம்

தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படும் கருச்சிதைவைத் தவிர மற்றவற்றைக் குற்றமாக்கியது. மூன்றாண்டுவரை சிறை; சிசு வயிற்றில் அசையத் தொடங்கியிருந்தால் ஏழாண்டுவரை. பெண்ணின் இசைவின்றிச் செய்தால் ஆயுள் தண்டனையும் உண்டு என்றது 313ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 88, 89ஆம் பிரிவுகளாக உள்ளன.

சட்டம் கடுமையாக இருந்தும் கருச்சிதைவு நிற்கவில்லை, இருளுக்குள் மறைந்தது. நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட நூலும், ஜெய்சிங் மோடி 1920இல் வெளியிட்ட நூலும் இதற்குச் சான்று. எருக்கு, அரளி, செங்கொடிவேலி ஆகியன இந்தியச் சட்ட மருத்துவ நூல்களில் இடம்பெற்றது கருவைக் கலைக்கும் மருந்துகளாக மட்டுமன்று, தாய்மாரைக் கொன்ற நஞ்சுகளாகவுமே. நஞ்சு, இரத்தப்போக்கு, கருப்பை துளைபடுதல், சீழ்ப்பிடிப்பு என்பனவே அப்பிரேதங்கள் சொன்ன கதை. திருத்தங்கலைச் சுற்றிய கரிசல் வெளியில் எருக்கு யாரும் விதைக்காமலே வளர்ந்து நிற்கிறது. அச்சத்தில் இருக்கும் பெண்ணுக்கு மருத்துவமனையைவிட அது அருகில் இருந்த காலம் நெடியது.

1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையையொட்டி 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. முதலில் 20 வாரம் எல்லையாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தம், பாலியல் வன்முறைக்கு உள்ளானோர், சிறுமியர் உள்ளிட்ட சில வகையினருக்கு அதனை 24 வாரமாக உயர்த்தியது.

இரு நாட்காட்டிகள்

இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் அடிப்படையில், 120 நாட்களுக்குப் பின் ரூஹு ஊதப்படுகிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலை. அந்நாட்கள் கரு உண்டானதிலிருந்து எண்ணப்படுபவை. மருத்துவரோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். அது ஏறத்தாழ 14 நாட்கள் முந்தையது. எனவே 40 நாள் என்பது மருத்துவக் கணக்கில் ஏழு வாரமும் ஐந்து நாளும்; 120 நாள் என்பது 19 வாரமும் ஒரு நாளும். சட்டத்தின் 24 வாரமோ நம் கணக்கில் 154 நாட்கள். சட்டம் அனுமதித்துவிட்டது என்பதால் ஷரீஅத்தும் அனுமதிக்கிறது என்று கொள்வது பிழை என்பதற்கு இக்கணக்கே போதும்.

120 நாளுக்கு முற்பட்ட காலமும் தட்டிக்கேட்பாரற்ற வெளியன்று. மாலிகீ மத்ஹபின் பெரும்பான்மையோர் தொடக்கத்திலிருந்தே தடுக்கின்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்கிறார்கள். தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கும் ஹனஃபீ அறிஞர்களும் காரணத்தை வற்புறுத்துகின்றனர். 1990இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம், குணப்படுத்த இயலாத கடும் குறைபாட்டை நம்பகமான மருத்துவர்கள் உறுதி செய்தால் 120 நாளுக்குள் கலைக்கலாம் என்றும், அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து உறுதியானால் மட்டுமே கூடும் என்றும் முடிவு செய்தது.

உறுதியும் ஐயமும்

1836இல் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்), தாயின் உயிருக்கு அஞ்சியும் உயிருள்ள சிசுவை அழிக்கலாகாது என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: தாய் இறப்பாள் என்பது ஐயத்திற்குரியது; ஐயத்தின் பேரில் ஓர் உயிரைப் போக்கலாகாது. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் அவ்வையத்தைப் பெரிதும் நீக்கியது. தாயே வேர், வேரைக் காக்கக் கிளையை இழக்கலாம் என்று அஸ்ஹரின் ஷைக் மஹ்மூத் ஷல்தூத் போன்றோர் தீர்ப்பளித்தனர். சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. அறிவு மாறியதால் விடை மாறியது. அதே போன்று, 2023 அக்டோபரில் 26 வாரக் கருவைக் கலைக்க இசைவு கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், சிசுவிற்குக் குறைபாடில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்ற மருத்துவக் குழுவின் அறிக்கையைக் கொண்டே மறுத்தது.

ஆதலால் இப்பொருளில் நம்மை நாடி வருவோரிடம் ஆலிம்கள் முதலில் கேட்க வேண்டியது மருத்துவரின் அறிக்கையை. நாள் எத்தனை, எந்தக் கணக்கில், ஆபத்து உறுதியா, ஐயமா என்பன தெளிந்த பின்னரே ஃபத்வா. அதுவரை அப்பெண்ணைப் பழிச்சொல்லால் விரட்டுவது, அவளை எருக்கஞ்செடியிடம் அனுப்புவதற்கு ஒப்பாகும். அப்போது இழக்கப்படுவது ஓர் உயிரா, இரண்டா என்பதற்கு நாமும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அல்லாஹ் யாவும் நன்கறிந்தவன்.