விரத நாளும் இமாட்டினிப் குளிசையும்

நாட்பட்ட மைலோயிட் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு 2001 முதல் இமாட்டினிப் குளிசை பாவனையில் உள்ளது. ஆரம்பநிலை நோய்க்கு வழமையான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீருடன் விழுங்கவேண்டும். வெறும்வயிற்றில் எடுத்தால் வயிற்றைப் பிரட்டும். இதே நோய்க்குத் தரும் நிலோட்டினிப் கப்சூலுக்கு நேர்மாறு. எடுப்பதற்கு 2 மணிநேரம் முன்பும், எடுத்து 1 மணிநேரம் வரையும் சாப்பிடக்கூடாது. உணவோடு சேர்ந்தால் மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறி, இதயத்துடிப்பைக் குழப்பலாம். ஆகவே தெரிந்தவர் எடுக்கும் முறையை நாம் பின்பற்றுவது ஆபத்து.

கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் குளிசையை ஒதுக்கிவைக்கும் அம்மாமார் எம்மிடையே உண்டு. உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாது, அதனால்தான் துணிகிறார்கள். அடிக்கடி விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். அதைப் பெரும்பாலும் பிசிஆர் இரத்தப் பரிசோதனைதான் முதலில் காட்டும். விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

கிரேப்ஃபுரூட் இரண்டு மருந்துக்கும் ஆகாது. ஊரிலிருந்து வரும் மூலிகைப்பொடியை மருந்தாளரிடம் காட்டாமல் தொடவேண்டாம். பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

ஒருவேளை தவறினால் அடுத்தமுறை இரட்டிப்பாக எடுக்கக்கூடாது. எமது வீட்டில் குளிசை விழுங்கியதும் சுவர்க்கலண்டரில் புள்ளடி போடுகிறோம், கணக்கெழுதிய பழக்கம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோகிறோம்.