இலவச மருத்துவப் பரிசோதனை: தொழிலாளர் பங்கேற்பைத் தீர்மானிக்கும் பணியிடச் சூழல்

நாட்டின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, தொழிலாளர்களுக்கான வருடாந்திர மருத்துவப் பரிசோதனையை இலவசமாக வழங்கும் பொறுப்பை நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது. 40 வயதைக் கடந்தவர்கள் இதனால் பயனடைவர். செலவு என்ற தடை இவ்வாறு நீக்கப்பட்டாலும், தொழிலாளர்கள் பரிசோதனைக்கு முன்வருவது பணியிடத்தின் நடைமுறைகளையும் மேலதிகாரிகளின் அணுகுமுறையையும் பொறுத்தே அமைகிறது.

தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றின்படி (2019-21), 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 21 சதவீதத்தினருக்கும் உயர் ரத்த அழுத்தம் உள்ளது. பெரும்பாலும் அறிகுறியின்றி வளரும் இந்நோயைப் பரிசோதனை மூலமே தொடக்கத்தில் கண்டறிய இயலும். தவறவிட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கும்.

நேரமும் ஊதியமும்

தொடர் உற்பத்திப் பிரிவில் பணியாற்றுபவர் மாற்று ஆள் இன்றி இடத்தைவிட்டு நகர முடியாது. பரிசோதனைக்குச் செல்லும் நேரத்திற்கு ஊதியம் பிடிக்கப்படும் எனில், நாட்கூலி பெறுபவரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அதைத் தவிர்க்கவே விரும்புவர். தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் ஊதியத்தின் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாக வழங்கப்படுகிறது. எனினும், மருத்துவர் சான்றளித்த நாட்களுக்கே இது பொருந்தும். நோயின்றிப் பரிசோதனைக்குச் செல்பவரின் ஊதிய இழப்பை நிறுவனமே தவிர்க்க வேண்டும். பணிமுறை முடிந்தபின் நடத்தப்படும் முகாம்களில், நிறுவனப் பேருந்தைத் தவறவிட இயலாத பெண்கள் பங்கேற்பது கடினமாகிறது.

ரகசியக் காப்பு

பார்வைக் குறைபாடோ சர்க்கரை நோயோ தெரியவந்தால் வேலை பறிபோகும் என்ற அச்சம் ஓட்டுநர்களிடமும் கனரக இயந்திரங்களை இயக்குவோரிடமும் எழக்கூடும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் தகவல்களுக்கு ரகசியக் காப்புரிமை அளிக்கிறது. அதே ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ளவர்களைப் பணியில் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. இருப்பினும், முடிவுகள் மேற்பார்வையாளர் வழியாக வழங்கப்படும் இடங்களில் இந்தப் பாதுகாப்பின் மீது நம்பிக்கை ஏற்படுவதில்லை.

மேலதிகாரிகளின் பங்கு

அலுவலகப் பணியாளர்களுக்காக ஆயுஷ் அமைச்சகம் 5 நிமிட யோகா இடைவேளைப் பயிற்சியை வகுத்துள்ளது. இதனைப் பிரபலப்படுத்துமாறு மத்திய அமைச்சகங்களுக்குப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2021-ல் அறிவுறுத்தியது. பிரிவின் தலைவரே கோப்பை மூடிவைத்துப் பயிற்சியில் இணையும்போது ஊழியர்கள் தயக்கமின்றிப் பங்கேற்பர். அந்த நேரத்திலும் ஆய்வுக் கூட்டம் தொடருமானால், சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும்.

தொழிலாளர் பிரதிநிதித்துவம்

புதிய தொகுப்பின்படி அமைக்கப்படும் பாதுகாப்புக் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பினரைவிடக் குறையக் கூடாது. முகாமைப் பணி நேரத்திற்குள் ஊதியத்துடன் நடத்துதல், முடிவுகளை உரியவரிடம் நேரடியாக அளித்தல், பெண் மருத்துவர்களை ஏற்பாடு செய்தல், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தல் ஆகியவற்றை இக்குழுக்களில் முன்வைத்து முடிவு செய்யும் வாய்ப்பு தொழிலாளர்களுக்கு உள்ளது.