மண்ணுக்குள் கிடத்திய பலிபீடங்கள்



பண்டைய எபிரேயர் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது பைபிளின் பழைய ஏற்பாடுதான். ஒரே கடவுள், ஒரே ஆலயம், உருவமற்ற வழிபாடு ஆகிய மூன்றும் மோசேயின் காலந்தொட்டு அந்த மக்களிடையே உறுதியாக நிலைபெற்றிருந்தன என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். தொல்லியல் அறிக்கைகளையும் மானிடவியல் நூல்களையும் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. மக்கள் எவ்வாறு வழிபட வேண்டும் என்பதை ஏடு சொல்கிறது. அவர்கள் எவ்வாறு வழிபட்டார்கள் என்பதை மண் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற இடமொன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்த இடத்தின் பெயர் அராத். ஜெருசலேமிலிருந்து தெற்கே, 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், நெகேவ் வரண்ட நிலத்தின் ஓரத்தில் உள்ள ஒரு மேடு. யூதா அரசின் எல்லைக் கோட்டை ஒன்று அங்கே இருந்தது. யோஹனான் அஹரோனி என்ற இஸ்ரேலியத் தொல்லியலாளர் 1962 முதல் 1967 வரை அதனை அகழ்ந்தார். கோட்டைக்குள் படைவீடுகளையும் களஞ்சியங்களையும் எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு கோயிலே கிடைத்தது.

முற்றம், மண்டபம், கருவறை என்ற ஒழுங்கில் அமைந்த கோயில் அது. முற்றத்தில் உளி படாத கற்களாலும் மண்ணாலும் எழுப்பிய பலிபீடம் இருந்தது. செதுக்கிய கல்லால் பலிபீடம் கட்டலாகாது என்பது யாத்திராகமத்தின் விதி. அந்த விதியை அறிந்தவர்களே இதைக் கட்டியிருக்கிறார்கள். கருவறையில் சிலை எதுவும் இல்லை. மெருகேற்றிய சுண்ணக்கல் ஒன்று இருந்தது. அதில் செந்நிறப் பூச்சின் சுவடு காணப்பட்டது. இத்தகைய கல்லை நிறுத்தி வணங்குவதை உபாகமம் தடை செய்கிறது. ஆனால், யாக்கோபு பெத்தேலில் ஒரு கல்லை நிறுத்தி அதன்மேல் எண்ணெய் வார்த்தான் என்று ஆதியாகமம் பெருமையோடு சொல்கிறது. தடையும் நினைவும் ஒரே நூலுக்குள் அருகருகே இருப்பது எனக்கு எப்பொழுதும் வியப்பூட்டும் விடயம்.

கருவறை வாயிலில் சுண்ணக்கல்லால் ஆன இரு சிறு தூபபீடங்கள் கிடைத்தன. அவற்றின் உச்சியிற் கரிய படிவு ஒட்டியிருந்தது. அது என்னவென்று நெடுங்காலம் தெரியவில்லை. 2020 ஆம் ஆண்டில் வெளியான இரசாயன ஆய்வு விடை கூறியது. பெரிய பீடத்தில் எரிந்தது தூபவர்க்கம், அதாவது தென் அராபிய நாட்டு மரங்களின் நறும்பிசின். விலங்குக் கொழுப்புடன் அதைக் கலந்து எரித்திருக்கிறார்கள். சிறிய பீடத்தில் எரிந்தது கஞ்சா! மெல்ல எரிய வேண்டும் என்பதற்காக விலங்குச் சாணத்துடன் அது கலக்கப்பட்டிருந்தது. தூபவர்க்கத்தைப் பைபிள் பல இடங்களிற் குறிப்பிடுகிறது. சிறிய பீடத்தின் புகையைப் பற்றி அதில் தெளிவான பேச்சில்லை.

இது மறைவாக நடந்த வழிபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசனின் கோட்டைக்குள், அரசனின் படைவீரர்கள் மத்தியில் நடந்த வழிபாடு இது. அங்கே கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் மெரெமோத், பஸ்கூர் என்ற பெயர்கள் மையினால் எழுதப்பட்டிருந்தன. ஆசாரியர் குடும்பத்துப் பெயர்களாகப் பைபிளிலும் இவை வருகின்றன.

அராத் மட்டும் தனித்து நிற்கவில்லை. ஜெருசலேமுக்கு மிக அண்மையில் உள்ள மோட்சாவிலும் யூதா அரசின் காலத்துக் கோயிலொன்று 2012 இல் வெளிப்பட்டது. சீனாய்ப் பாலைவனத்தில் உள்ள குந்தில்லத் அஜ்ரூதில் 1975, 1976 ஆம் ஆண்டுகளில் ஸெவ் மெஷெல் அகழ்ந்தெடுத்த பெருஞ்சாடிகளில், யாவே பெயராலும் 'அவருடைய அஷேரா' பெயராலும் ஆசி வழங்கும் வாசகங்கள் உள்ளன. அஷேரா என்பது ஒரு தெய்வமா, மரத்தாலான வழிபாட்டுச் சின்னமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மார்பைக் கைகளால் தாங்கி நிற்கும் பெண் வடிவச் சுடுமண் பாவைகளோ யூதா நாட்டின் வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. பிரசவம், பாற்சுரப்பு, குழந்தையின் நலம் ஆகியவற்றுக்காகப் பெண்கள் அவற்றை வைத்திருந்தனர் என்று பலர் கருதுகின்றனர். நியாயப்பிரமாணத்தை எழுதியவர்கள் இப்பெண்களைக் கேட்டு எழுதவில்லை.

பின்னர் சீர்திருத்தம் வந்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆண்ட எசேக்கியா மேடைகளை அகற்றிக் கற்றூண்களைத் தகர்த்தான் என்றும், கி.மு. 622 அளவில் யோசியா அதனை மேலும் கடுமையாக நிறைவேற்றினான் என்றும் இராஜாக்கள் ஆகமம் கூறுகிறது. இனிப் பலியிட ஓர் இடம் மட்டுமே, அது ஜெருசலேம் என்பதே சட்டம்.

இச்சட்டத்தின் நிழலை மண்ணிலும் காணலாம் என்கின்றனர் ஆய்வாளர் சிலர். அராத்துக்கு மேற்கேயுள்ள பெயர்செபாவில் 1973 இல் நான்கு கொம்புகள் கொண்ட பலிபீடமொன்றின் கற்கள் கிடைத்தன. யாரோ அதைப் பிரித்து, களஞ்சியச் சுவருக்குள் சாதாரணக் கற்களைப்போல் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கல்லில் பாம்பின் உருவம் இருந்தது.

அராத்தில் நடந்ததோ வேறு. அங்கே தூபபீடங்களை எவரும் உடைக்கவில்லை. பக்கவாட்டில் கிடத்தி, மேலே மண்ணிட்டு மூடியிருந்தார்கள். கோயிலில் தீப்பட்ட அடையாளமும் இல்லை. அரச கட்டளைக்குப் பணிந்து மூடினார்களா, படையெடுத்து வந்த அசீரியரிடமிருந்து காப்பாற்ற மூடினார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. எந்தக் காரணமாயினும் உடைக்க மனம் வராத கைகளே அங்கு வேலை செய்தன என்பது எனது அபிப்பிராயம்.

கோயிலை இழந்தவர்களின் குரலையே நேரடியாகக் கேட்க வேண்டுமானால், நைல் நதியின் எலிபன்டைன் தீவுக்குச் செல்ல வேண்டும். பாரசீகர் ஆட்சியில் அங்கே காவற்படையாக வாழ்ந்த யூதர்களுக்குச் சொந்தக் கோயில் இருந்தது. கி.மு. 410 இல் க்னூம் என்ற எகிப்தியக் கடவுளின் பூசகர்கள் உள்ளூர் அதிகாரியின் துணையுடன் அதை இடித்தனர். கி.மு. 407 இல் அம்மக்கள் யூதாவின் ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பம் பப்பிரசுத் தாளில் இன்றும் உள்ளது. இரட்டுடுத்தி உபவாசம் இருக்கிறோம் என்கிறார்கள். முன்னரே ஜெருசலேமின் பிரதான ஆசாரியருக்கு எழுதியும் பதில் வரவில்லை என்கிறார்கள். இறுதியில் யூதாவின் ஆளுநரும் சமாரிய ஆளுநரின் மகனும் சேர்ந்து இசைவு அளித்தனர். தானியக் காணிக்கையும் தூபமும் படைக்கலாம் என்றது அந்த இசைவு. மிருகபலி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நேயர்களே, ஒரு சமயத்தின் வரலாறு சட்டம் எழுதியவர்களோடு முடிந்துவிடுவதில்லை. சட்டத்துக்குப் பணிந்தும் பணியாமலும் வாழ்ந்த எளிய மக்களுக்கும் அதில் இடமுண்டு. அவர்களுடைய பெயர்களை ஏடு காக்கவில்லை. அவர்கள் கிடத்திய பீடங்களை மண் காத்தது. 2,700 ஆண்டுகள் வரையில் மண்ணுக்குள் கிடந்த அவை, இன்று ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிமிர்ந்து நிற்கின்றன. கடைசியாக எரிந்த தூபத்தின் கரி இன்னும் அவற்றின் தலையில் இருக்கிறது.