கார்டியாக்: அட்டையில் ஒரு கம்ப்யூட்டர், அதன்மேல் ஒரு வண்டு

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எக்ஸிபிஷன் எல்லாரும் பார்த்திருப்பீங்க. தெர்மோகோலில் ஒரு மானிட்டர், சார்ட் பேப்பரில் ஒரு மதர்போர்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர். பக்கத்தில் நிற்கிற பிள்ளை குச்சியால் தொட்டுத் தொட்டு ஒப்பிக்கும். நானும் அப்படி ஒப்பித்தவன்தான், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாடலிடம் இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் பதில் வராது. இன்றைக்கு நான் பேசப்போவது, கேட்டால் பதில் சொல்கிற ஒரு அட்டைக் கம்ப்யூட்டரைப் பற்றி.

1968, அமெரிக்கா. அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மாணவனுக்கு அந்த அறைக்குள் வேலையே கிடையாது. புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளில் அடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வரணும். விடையோ, தப்போ, பிறகு ஒரு காகிதமாகத் திரும்பி வரும். நடுவில் உள்ளே என்ன நடந்தது? யாருக்குத் தெரியும்!

பெல் லேப்ஸ் அந்தச் சமயம் பள்ளிகளுக்காகச் சில அறிவியல் பெட்டிகள் தயாரித்துக்கொண்டிருந்தது. சோலார் செல் செய்து பார்க்க ஒன்று, பேச்சொலியை எலெக்ட்ரானிக்காக உருவாக்கிப் பார்க்க ஒன்று. அதே வரிசையில் டேவிட் ஹாகல்பார்கரும் சால் ஃபிங்கர்மேனும் சேர்ந்து செய்ததுதான் கார்டியாக். கார்ட்போர்ட் இல்லஸ்ட்ரேட்டிவ் எய்ட் டு கம்ப்யூடேஷன் என்பதன் சுருக்கம். எனியாக், யூனிவாக் என்று பெரிய பெரிய மெஷின்களுக்குப் பெயர் வைத்த காலம் இல்லையா, அதைக் கொஞ்சம் கிண்டலும் செய்த மாதிரி ஆச்சு. ஹாகல்பார்கர் விளையாட்டுக் குணம் உள்ளவர். நாம் அடுத்து பூவைச் சொல்வோமா தலையைச் சொல்வோமா என்று ஊகிக்கிற ஒரு மெஷினை 1950களிலேயே கட்டினார். கிளாட் ஷானன் அதே வேலைக்கு அதைவிடச் சின்னதாக ஒன்று கட்டினார். இரண்டையும் மோதவிட்டபோது ஜெயித்தது ஷானனுடையது. சரி, அது தனிக்கதை.

கார்டியாக்கில் என்ன இருக்கிறது? ஒரு மடிப்பு அட்டை. அதில் 00 முதல் 99 வரை நூறு கட்டங்கள், அதுதான் மெமரி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்க எண் ஒன்றைப் பென்சிலால் எழுதலாம், ரப்பரால் அழிக்கலாம். பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட ஒரு இடம், அக்யூமுலேட்டர். மேலும் கீழும் நகர்த்தக்கூடிய காகிதப் பட்டைகள் சில. அப்புறம் சின்னதாக ஒரு அட்டை வண்டு. கட்டத்தின் ஓரத்துத் துளையில் வண்டைச் செருகி வைத்தால், "அடுத்த கட்டளை இங்கே" என்று அர்த்தம். நிஜமான பிராசஸரில் புரோகிராம் கவுண்டர் என்கிறார்களே, அதுதான் இந்த வண்டு.

வண்டு இருக்கும் கட்டத்தில் 150 என்று இருந்தால் பட்டைகளை நகர்த்தி 1, 5, 0 என்று வைக்கணும். முதல் இலக்கம் கட்டளை, மற்ற இரண்டும் கட்டத்தின் எண். 1 என்றால் அக்யூமுலேட்டரைத் துடைத்துவிட்டு 50-ம் கட்டத்தில் இருப்பதை அங்கே எடு. 2 என்றால் கூட்டு, 6 என்றால் சேமி, 8 என்றால் வண்டை வேறு கட்டத்துக்குத் தூக்கி வை. மொத்தமே பத்துக் கட்டளைதான். அட்டையில் அம்புக்குறிகள் இருக்கும், அதன்படி நாம் போகணும். கரன்ட்டும் நாம்தான், கண்ட்ரோல் யூனிட்டும் நாம்தான்.

என் அக்கா பையன் பிளஸ் ஒன் படிக்கும்போது இதை வீட்டில் செய்து பார்த்தோம். பிளாக் டயகிராம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். கெட்டி சார்ட்டில் கட்டம் போட்டோம், வண்டுக்குப் பதில் புளியங்கொட்டை. இரண்டு எண்களைக் கூட்டுகிற ஏழு வரிப் புரோகிராம், முதல் தடவை கால் மணி நேரம் ஆச்சு. அதிலும் விடை தப்பு. பார்த்தால் கொட்டையை நகர்த்த மறந்து ஒரே எண்ணை இரண்டு முறை கூட்டியிருக்கிறான். திரும்பப் போட்டோம். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, அப்போ 150-ங்கிறது நம்பரா, ஆர்டரா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் கார்டியாக்கை இவ்வளவு மெச்சுகிறேன். கொட்டை அங்கே வந்து நின்றால் அது கட்டளை, இல்லாவிட்டால் வெறும் எண். 1945-ல் ஃபான் நாய்மன் எழுதிய அறிக்கையின் மையமான யோசனை இதுதானே. கட்டளைகளும் எண்களும் ஒரே மெமரியில் குடியிருக்கும். புத்தகத்தில் அதை ஒரு வரியாகப் படித்தவனுக்கு இப்போதுதான் அது உறைத்தது.

00-ம் கட்டத்தில் 001 என்று அச்சிட்டே வந்திருக்கும், அழிக்க முடியாது. எண்ணாகப் பார்த்தால் அது 1. கட்டளையாகப் பார்த்தால் "உள்ளே வரும் அடுத்த எண்ணை 01-ல் எழுது". மெமரி மொத்தமும் காலியாக இருக்கும்போது புரோகிராமை எப்படி ஏற்றுவது? வண்டை 00-ல் வைத்து முதலில் 002 என்று கொடுங்கள். அது 01-ல் போய் உட்காரும். வண்டு 01-க்கு வரும்போது அதுவே ஒரு கட்டளை, "அடுத்ததை 02-ல் எழுது". இப்போது 800 கொடுத்தால் 02-ல் உட்காரும். வண்டு அங்கே வந்ததும் மறுபடி 00-க்குத் தாவும். இனி 020 என்று கொடுத்துவிட்டு அடுத்து எதைக் கொடுத்தாலும் அது 20-ம் கட்டத்தில் போய் உட்காரும். 021 கொடுத்தால் அடுத்த கட்டம். இப்படியே புரோகிராம் முழுக்க ஏறிவிடும். வெறும் மூன்று கட்டங்களைக் கொண்டு மெஷின் தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது. லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் ஆகிறது என்கிறோமே, அதன் சாரம் இதுதான்.

காகிதக் கம்ப்யூட்டர் இது ஒன்றுதான் என்றில்லை. 1983-ல் ஜெர்மனியில் வோல்ஃப்காங் பாக், உல்ரிச் ரோடே இருவரும் தீக்குச்சிக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஐந்தே கட்டளைகள். கூட்டல்கூடக் கிடையாது. இந்தக் கட்டத்திலிருந்து ஒரு குச்சி எடு, அந்தக் கட்டத்தில் ஒன்று வை, இது காலியாகும்வரை திரும்பச் செய். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம், நானும் அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். ஆனால் அதில் கட்டளை காகிதத்திலும் எண் குச்சியிலும் தனித்தனியே இருக்கும். என் அக்கா பையன் கேட்ட கேள்வி அங்கே பிறக்கவே பிறக்காது.

அவன் பிறகு தானே ஒரு கவுண்ட்டவுன் எழுதினான். ஒன்றைக் கழிக்க வேண்டிய இடத்தில் 700 என்று போட்டிருந்தான், அதாவது 00-ம் கட்டத்தில் இருப்பதைக் கழி. அந்த 001-ஐ அவன் எண்ணாகப் பயன்படுத்திவிட்டான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐம்பதிலிருந்து எண்ணி இறங்கியதில் 30-ம் கட்டம் அழித்து அழித்து ஓட்டையாகிவிட்டது. பென் டிரைவும் இப்படித்தான் அழித்து எழுதி எழுதித் தேயும் என்றேன். அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதே கட்டத்தில் 17 என்று எழுதிவிட்டுத் தொடர்ந்தான்.